கற்பூரத்துக்கு முன்னால் செல்லியம்மா

பிள்ளை பெறாத ஒருத்தி உங்கள் மகளின் கையில் தின்பண்டம் வைத்தால், அதைத் தின்ன விடுவீர்களா? உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே ஏதாவது உறுத்துகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

விஜயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊராரின் அந்த உறுத்தலுக்கு நடுவேதான் செல்லியம்மா வாழ்ந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தை இல்லை. கணவன் ஏகாம்பரம் வேர்க்கடலை பயிரிட்டான். அவன் தம்பி முரளிதரன் ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். சனிக்கிழமை வந்து திங்கள் காலை பஸ் ஏறுவான். முரளியின் மனைவி யமுனாவும் ஐந்து வயது மகள் கீர்த்தியும் அதே வீட்டில்தான். பெரியம்மா ஊட்டினால்தான் கீர்த்திக்குச் சோறு இறங்கும்.

1997 ஆவணியில் ஒரு ஞாயிறு மதியம் கீர்த்தி வாயில் நுரை தள்ளி விழுந்தாள். ஊரில் ஊசி போடுகிறவர் வந்து, காய்ச்சல் என்று சொல்லி ஒரு ஊசி போட்டார். புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது. போலீஸ், பிரேதப் பரிசோதனை எதற்கும் இடம் கொடுக்காமல் பொழுது சாய்வதற்குள் புதைத்தார்கள். அவசரப்படுத்தியவன் முரளி. பெற்றவன் துடிக்கிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

குழி மூடியதும் பேச்சு கிளம்பியது. அன்று காலை செல்லியம்மா குழந்தைக்கு வேர்க்கடலை உருண்டை கொடுத்தாளாம்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது.

"குடுத்தியா இல்லியா?" என்றார் ஊர்ப் பெரியவர் முனிரத்தினம்.

"குடுத்தேன். நானுந்தான் துன்னேன். நான் சாவலியே."

"செஞ்சவளுக்கே செய்வினை பலிக்குமா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"இத்தினி வருசமா என் வீட்டு மோரை வாங்கிக் குடிச்சிக்கினு கீறியே, உனக்கு ஏன் பலிக்கல?" என்றாள் செல்லியம்மா.

சிரித்த இரண்டு பேர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

முனிரத்தினம் தட்டில் கற்பூரம் ஏற்றச் சொன்னார். குற்றமில்லாதவள் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் அவள் புகுந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும். சாமிக்கு எல்லாம் தெரியுமென்றால் இந்த விசாரணை எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை. ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அணைக்கிறேன்," என்றாள் செல்லியம்மா. "அதுக்கு முந்தி முரளி அணைக்கட்டும். அந்தக் கலர் பாட்டில்ல இன்னா இருந்துச்சின்னு தனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு அணைக்கட்டும்."

முந்தின மாதம் ரேணிகுண்டா ஸ்டேஷனில் முரளி பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் கலர் சோடா வாங்கி வந்திருந்தான். கீர்த்திக்கு அதன் மேல் உயிர். காலி பாட்டில் வீட்டிலேயே கிடந்தது. குழந்தை விழுவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, செல்லியம்மா பார்த்தபோது அதில் பழுப்பாக ஏதோ இருந்தது. குழந்தை விழுந்த பிறகு பாட்டிலையே காணோம். பயிருக்கு அடிக்கும் மருந்தைக் கடைக்காரர்கள் சில்லறையாக ஊற்றித் தருவதும், வாங்கப் போகிறவர்கள் கையில் கிடைத்த பாட்டிலைக் கொண்டுபோவதும் ஊரறிந்த விஷயம். அந்தச் சனிக்கிழமை கடலைக்கு மருந்து வாங்கி வந்தவன் முரளி.

முரளி எழுந்துகொண்டான். "ரேணிகுண்டா பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சி," என்றான்.

"ஆம்பளைய சத்தியம் பண்ணச் சொல்ற வழக்கம் இங்க இல்லம்மா," என்றார் முனிரத்தினம்.

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. ஒரு வாரமாக வாய் திறக்காத யமுனா எழுந்து ஓரகத்தியின் எதிரே வந்து நின்றாள்.

"அக்கா, பாப்பா வாயில உனக்கும் மருந்து வாட அடிச்சுதா?"

"அடிச்சுது யமுனா."

"மருந்தடிச்சப்போ கட்டியிருந்த என் பொடவைல இருந்து வருதுன்னு இவரு சொன்னாரு. நானும் நம்பிக்கினு இருந்தேன்."

முரளி கொலைகாரன் இல்லை. அவனும் மகளை இழந்தவன். ஆனால் தன் கவனக்குறைவைத் தாங்க முடியாமல், பிள்ளையில்லாத அண்ணியின் மடியில் பழியைக் கொட்டினான். விஷத்தைச் சில்லறையாக விற்ற கடைக்காரரையும், அதைக் காய்ச்சல் என்ற ஊசிக்காரரையும் யாரும் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. கற்பூரம் அவர்களுக்காக எரிவதில்லை.

தீர்ப்புச் சொல்லாமலே ஊர் கலைந்தது. சந்தேகத்துக்குத் தீர்ப்பு எதற்கு?

"திருச்சானூர் லாட்ஜில வேல கீது, போய்டலாம்," என்றான் ஏகாம்பரம்.

"போனா நான்தான்னு ஆயிடும்," என்று மறுத்துவிட்டாள் செல்லியம்மா.

அங்கேயேதான் இருக்கிறாள். யமுனா மட்டும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மற்றவர்கள் அவளைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். இந்த வாரமே உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். அவள் கொடுப்பதை, அவள் கண்ணெதிரிலேயே, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.