செவ்வாய்க்கிழமை இலவசம்

போன மாதம் என் தோழி வசந்தா ஒரு கருத்தரங்குக்குப் போனாள். போனவள் சும்மா திரும்பவில்லை... சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, என்ற ஒரு சொல்லையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பெரிய கம்பெனிங்க மட்டும்தான் சமூகத்துக்குச் செய்யணுமா? நாமளும் செய்யலாம்டி!"

அவளுடைய கம்பெனி எவ்வளவு பெரியது தெரியுமா? லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்பக்கம் ஒரு மாடி. மூன்று நாற்காலி, வேலைக்கு இரண்டு பெண்கள். முடி திருத்தம், மணப்பெண் அலங்காரம், சுற்றுப்பயணிகளுக்கு மருதாணி. அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அவள் பேச்சு பிடித்திருந்தது. சின்னக் கடைக்கு மனசு சின்னதாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

புக்கிட் மேராவில் முதியோரைப் பராமரிக்கும் ஒரு தாதிமை இல்லம். அங்கிருக்கும் வயதான பெண்களுக்கு மாதம் ஒருமுறை இலவசமாக முடி திருத்துவது என்று முடிவானது. எந்த நாள்? வசந்தா யோசிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை! அன்றைக்குத்தான் கடையில் ஈ ஓட்டுவார்கள்.

ஏன் அன்றைக்கு ஈ ஓட்டுகிறார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை, ஒத்தாசைக்குப் போன நானும் யோசிக்கவில்லை.

இல்லத்தில் நல்ல வரவேற்பு. சீன ஆன்ட்டிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மலாய் அம்மா கண்ணாடியைப் பார்த்துத் தன் அழகைத் தானே மெச்சிக்கொண்டார். எல்லாம் ஜோராகப் போனது — தமிழர்கள் பக்கம் வரும் வரை.

அங்கே ஒருவரும் அசையவில்லை. சக்கர நாற்காலியில், தலையில் துண்டு போட்டிருந்த கமலாம்மாதான் வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"செவ்வா..." என்று ஆரம்பித்த வசந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் முடியில் கத்தரி வைக்க மாட்டோம். அவளும்தான், நானும்தான். அதனால்தானே கடை காலி!

"நல்ல நாளும் அதுவுமா பிள்ள வரப் போறான். செவ்வாக்கெழம போயி முடி வெட்டுவாங்களா? வேணாம்லா."

பிள்ளை மெல்பர்னில் இருக்கிறாராம். பல மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அம்மாவை வெளியே சாப்பிட அழைத்துப் போக ஆசைப்படுகிறார். கமலாம்மா முடியாது என்று சொல்லிவிடப் போகிறாராம்.

"ஏன் ஆன்ட்டி? போய்ட்டு வாங்களேன்."

அவர் துண்டை மெல்ல எடுத்தார். காய்ச்சலில் கிடந்தபோது மெஷின் போட்டு ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். இப்போது அது ஒரு பக்கம் வளர்ந்து, ஒரு பக்கம் குத்திக்கொண்டு, நடுவில் நரைத்து நின்றது.

"இந்தத் தலையோட லிட்டில் இந்தியாவுல போயி உக்கார முடியுமா? டெலிபோன் ஆபீஸ் கமலான்னா அங்க எத்தன பேருக்குத் தெரியும். இவளா அந்தக் கமலான்னு பாப்பாங்கல்ல... நான் வரல. அவன் இங்கயே பாத்துட்டுப் போகட்டும்." துண்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம காலையில வர்றீங்களாம்மா? முடியுமா, கேன் ஆ?"

வசந்தா கத்தரிகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

டாக்சியில் ஏறியதும் பொரிந்து தள்ளினாள். "ஞாயிறு எப்படிடி முடியும்? கடையில நிக்க இடம் இருக்காது. ஒரு கல்யாணப் பொண்ணு வேற அலங்கார ட்ரையலுக்கு வர்றா!"

அவள் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. நாம் கொடுப்பதை எல்லாம் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்... பத்தாமல் போன சட்டை, மிஞ்சிப்போன பிரியாணி, ஆள் வராத செவ்வாய்க்கிழமை. நமக்கு வேண்டாததைக் கொடுத்துவிட்டு நல்ல பெயரை வாங்கி வந்துவிடுகிறோம். அதுவும் ஒன்றும் செய்யாததற்குத் தேவலை, சரி. ஆனால் கமலாம்மாவுக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை இல்லையே!

சனிக்கிழமை மத்தியானம் வசந்தா போன் செய்தாள்.

"நாளைக்குக் காலையில ரெடியா இரு. அந்த அம்மா துண்டைப் போட்டுக்கிட்டதே கண்ணு முன்னால நிக்குதுடி."

ஞாயிறு காலை, இல்லத்தில். கழுத்தோரம் ஒட்ட வெட்டி, முன்னால் மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டு, சாயம் பூசி, அலசிக் காயவைத்து... மணப்பெண்ணுக்குக்கூட வசந்தா இவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. கமலாம்மா கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

நாங்கள் சாமான்களை எடுத்து வைக்கும்போதே மகன் வந்துவிட்டார். அம்மா மறுப்பார் என்று நினைத்தாரோ என்னவோ, தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அம்மா... வெளிய போக முடியலன்னா, சாப்பாட்ட இங்கயே வாங்கிட்டு வரட்டா?"

"ஏன், எனக்கென்ன? லிட்டில் இந்தியாவுல ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்குப் போவோம். நல்லா வெளிச்சமா உள்ள மேசையாப் பாரு."

நாங்கள் கடைக்கு ஓடிவந்து சேர்ந்தபோது, கல்யாணப் பெண் சோபாவில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? நான்தானே ஃபர்ஸ்ட் அப்பாயிண்ட்மென்ட்?"

வசந்தா கைகழுவிவிட்டு வந்து, அவள் தோளில் துணியைப் போர்த்தினாள்.

"சாரிம்மா. உனக்கு முன்னாடி ஒரு கஸ்டமர் இருந்தாங்க."