காளையார்கோவில் வரிசை

காரைக்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு ஜன்னலில் ஆங்கில மருந்து, அடுத்த ஜன்னலில் சித்த மருந்து. இடையில் ஒரு சுவர். இரண்டு வைத்தியமும் சேர்ந்துவிட்டதாக அந்தச் சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்.

சித்த மருந்து கொடுப்பவர் சேவுகப்பெருமாள். இருபது வருட சர்வீஸ். "அங்குட்டு என்ன மாத்திரை வாங்குனீக? மறைக்காமச் சொல்லுங்க!" என்று வருகிறவர்களையெல்லாம் அதட்டுவார். சர்க்கரைக்காரர்கள் வந்தால் ஒரு டம்ளர் ஆவாரைக் குடிநீரைத் தானே குடித்துக் காட்டுவார். "எனக்கும் சர்க்கரைதான். இதைத் தவிர எதையாச்சும் தொட்டிருப்பேனா?"

தொட்டிருந்தார். நான்கு வருடமாகத் தினம் காலையில் ஒரு மாத்திரை. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிக் காளையார்கோவிலுக்கு பஸ் ஏறி, அரசு மருத்துவமனை வரிசையில் நின்று வாங்கி வருவார். சாமியும் கும்பிடுவார், பொய் சொல்லக் கூடாதல்லவா! விஷயம் தெரிந்தால் தன் ஜன்னலுக்கு யார் வருவார்கள் என்று அவருக்குப் பயம்.

நோயாளி சாப்பிடும் இரண்டு பக்கத்து மருந்தையும் ஒரே நோட்டில் எழுதும் திட்டத்துக்கு அன்று தொடக்க விழா. நாற்காலி போடும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை மறந்தவர் மாத்திரையை மறக்கவில்லை. போட்டோவுக்காக இரண்டு டம்ளர் குடிநீர் வேறு. விளக்கேற்றும்போது மனுஷன் சரிந்தார்.

டாக்டர் சத்தியப்பிரியா விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார்.

"மாத்திரை ஏதும் போடுறீங்களா? போட்டிருந்தா மறுபடியும் இறங்கும், உயிருக்கே ஆபத்து. இங்கேயே படுக்கணும். இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம்."

சுற்றிலும் அவருடைய நோயாளிகள் நின்றார்கள்.

"குடிநீர் மட்டுந்தான் டாக்டரம்மா" என்று எழுந்து மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார். பாவி மனுஷன்!

அவரிடம் ஆறு வருடமாகச் சூரணம் வாங்கும் சிட்டாள் ஆச்சி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். சாவி கிடைத்துவிட்டதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"பொய் சொல்றாக டாக்டரம்மா! மாசாமாசம் காளையார்கோவில்ல மாத்திரை வாங்குறாக. எனக்கு நாலு ஆளு முன்னால நிப்பாக!"

சேவுகப்பெருமாள் மறுபடியும் படுத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு ஆச்சி அங்குட்டு நின்னீக?"

"நீங்க எதுக்கு நின்னீகளோ அதுக்குத்தான். இங்குட்டுச் சொன்னா வைவீகளே!"

டாக்டர் புது நோட்டைத் திறந்து முதலில் சேவுகப்பெருமாள் பெயரை எழுதினார், அடுத்து ஆச்சியின் பெயரை. "எனக்கும் மாத்திரை இருக்கு" என்று பின்னால் ஒருவர் முனகினார். பிறகு இன்னொருவர். "எல்லாரும் சித்த மருந்து ஜன்னல்ல நில்லுங்க, வந்து எழுதிக்கிறேன்" என்றார் டாக்டர். இருபது வருடத்தில் சித்த மருந்து ஜன்னலுக்கு அவ்வளவு நீள வரிசை நின்றதில்லை. அதைப் பார்க்க உள்ளே ஆள்தான் இல்லை.