மகன் கொண்டுவந்த ஒற்றைப் பாட்டு

எங்களுக்குப் பள்ளிபாளையத்தில் சாயப்பட்டறை. தறிக்காரர்களுக்கு நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்போம். சாயம் போய்விட்டது என்று எங்கள் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றதில்லை. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனாலும் சாயத்தொட்டித் தண்ணீரைப் பார்த்தே, நூல் காய்ந்தபின் என்ன நிறத்துக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரரே என்னைக் கேட்டுத்தான் பொடி கலப்பார்.

எங்கள் மகன் பெங்களூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். எண்பதுகளின் நடுவில் இருக்கும். அங்கே இன்னும் மூன்று பையன்களோடு சேர்ந்து ராக் பாட்டுக் குழு ஒன்று வைத்திருந்தான். இவன் கிடார். ஆடி மாதம் ஊருக்கு வந்தவன் ஒரு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தான். அதில் ஒரே ஒரு பாட்டு. அவர்களே கட்டி, அவர்களே பாடி, அதற்குப் படமும் பிடித்திருக்கிறார்கள். ஈரோட்டில் கேசட் போடும் டெக் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து சனிக்கிழமை காலையில் எங்கள் டிவியில் போட்டான். நானும் வீட்டுக்காரரும், பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய அக்காவும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் நான்கு பையன்கள் தெரிந்தார்கள். என் மகனுக்குத் தோள்வரை முடி. பிறகு அவன் முகம் பச்சையானது. அந்தப் பச்சைக்குள் சிவப்பு புகுந்து, ஊதி, இரண்டாகப் பிளந்து, மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் போனது. நான்கு தலை எட்டானது. கிடார் சத்தமோ, மேடேற முடியாத லாரி மாதிரி இழுத்து இழுத்து முனகியது. பாட்டு இங்கிலீஷில். இந்த மாதிரிப் பாட்டுக்கு சைக்கடெலிக் என்று பெயராம்.

"எப்பிடீம்மா இருக்குது?" என்று கேட்டான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்; நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவன் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் அக்கா ஆரம்பித்தார். "ஏம்புள்ள, கஞ்சா அடிச்சவனுக்குத்தான் கண்ணு இப்பிடிக் கலர் கலராக் காட்டுமாம். மண்டைக்குள்ள ஓடுனதை அப்பிடியே படம் புடிச்சுக் கொண்டாந்துட்டான் உம்பையன்."

"சும்மா இருங்கக்கா," என்றார் வீட்டுக்காரர். ஆனால் முகம் இறுகிவிட்டது. என் பக்கம் திரும்பி, "இனி அவன் பெங்களூர் போகவேண்டாம். தொட்டியில வந்து நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

எனக்கு அடுப்பில் உலை கொதித்ததுகூடத் தெரியவில்லை. இவனைப் படிக்க வைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். அவன் கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். வியர்வை வாசம்தான் அடித்தது. அப்படியும் மனசு ஆறவில்லை; ஒரு வாய் சாப்பிடவும் தோன்றவில்லை.

மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்தான். கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சோறு போட்டேன். ஆற்றில் குதித்துவிட்டு வந்தவன் கண் சிவக்காமல் எப்படி இருக்கும்? குழம்பு ஊற்றக் குனிந்தபோதுதான் அவன் கை கண்ணில் பட்டது. நகத்தோரமெல்லாம் பச்சை.

வந்த அன்றைக்கே அதைப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்குத்தான் நகம் வெள்ளையாக இருந்தது? எனக்கு நீலம், அவருக்குச் சிவப்பு. சாயக்காரன் பிள்ளைக்கு நகத்தில் பச்சை இருப்பது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. பெங்களூரில் இவனுக்கு ஏது தொட்டி என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏஞ்சாமி, பொங்கலுக்கு வந்துட்டுப் போனவன் நீ. நகத்துல பச்சை எப்பிடி வந்துச்சு?"

சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. "அம்மா, அப்பாகிட்டச் சொல்லிராதீங்க. போன தடவை பட்டறையில இருந்து நாலு பொட்டலம் சாயம் எடுத்துட்டுப் போயிட்டேன்."

"எதுக்குடா?"

"படத்துல ஓடுச்சில்ல, அதெல்லாம் நம்ம சாயந்தாம்மா."

எனக்கு விளங்கவில்லை. நேராகவே கேட்டுவிட்டேன். "கஞ்சா குடிக்கிறயா நீ?"

அவனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "பீடிப் பொகைக்கே இருமறவன் நானு. ஏம்மா, அத்தை சொன்னாங்களா?"

கை கழுவிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த இரண்டு படங்களின் கண்ணாடியைக் கழற்றினான். ஒன்றின்மேல் பச்சைச் சாயத்தண்ணீரும் சிவப்புச் சாயத்தண்ணீரும் சொட்டுச் சொட்டாக, நடுவே கடலை எண்ணெய் கொஞ்சம் விட்டான். இன்னொன்றை மேலே வைத்து மூடி, வெயில் விழுகிற வாசலில் தூக்கிப் பிடித்தான். எதிரே இருந்த வெள்ளைச் சுவரில் பச்சையும் சிவப்பும் இறங்கின. விரலால் லேசாக அமுக்கினான். ஊதின, பிளந்தன, ஓடின. காலையில் டிவியில் பார்த்த அதே ஓட்டம். பெங்களூரில் வெயிலுக்குப் பதில் பெரிய விளக்கு வைத்து, அந்த வெளிச்சத்தைத் தங்கள் முகத்தின்மேல் ஓட விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஓடி வந்தார். அக்காவும் வந்தார். சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதை மறந்து நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீட்டுக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ணெயில சாயம் ஏறாதில்ல, அதான் தனித்தனியா நிக்குது," என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு அவன் முதுகில் ஒன்று வைத்தார். "திருட்டுப்பயலே! கேட்டா குடுக்கமாட்டனா?"

மகன் பரீட்சையில் முதலாவதாக வந்தால் ஒரு தகப்பன் எப்படிச் சொல்வானோ, அப்படிச் சொன்னார் அந்தத் 'திருட்டுப்பயலே' என்ற வார்த்தையை.

"எல்லாஞ் சரி," என்றார் அக்கா. "அந்த முடிக்கு என்ன சமாதானஞ் சொல்லப்போறான்?"

"முடிக்குச் சமாதானம் இல்லீங்கத்தை," என்றான் அவன்.

அந்தப் பாட்டு எனக்கு இன்றுவரை பிடித்ததில்லை. பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டெக்கைத் திருப்பிக் கொடுக்கும் முன் அன்று சாயங்காலம் மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். பட்டறை ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். மகன் முகத்தில் பச்சை ஏறும்போதெல்லாம், "நம்ம பட்டறைச் சாயம்" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். பெங்களூர் போகவேண்டாம் என்ற காலைப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை. நான் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அன்றைய முதல் கவளத்தைச் சாப்பிட்டேன்.