புஷ்பா அக்கா மூடிய தரை

செய்தியைச் சொன்னவர் அக்காவின் கொழுந்தனார்தான். கோலாலம்பூரிலிருந்து அழைத்தார். "அண்ணி காலையில ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க. வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்குல்ல?" இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். கெலுகோரில் புஷ்பா அக்காவோடு ஒரே அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை. அக்காவை அறிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

அந்த வீட்டின் பழைய தரை இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அக்காவின் மாமனார் சாகும்போது, நடுச்சுவர்தான் எல்லை என்று வீட்டை இரண்டு மகன்களுக்கும் வாய்வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்தார். மூத்தவரான அக்காவின் கணவர் பக்கம் சிவப்புச் சிமெண்டுத் தரை. இளையவரான இந்தக் கொழுந்தனார் தன் கல்யாணத்துக்குத் தன் பக்கம் வெள்ளை டைல் பதித்தார். பிறகு அவர் கோலாலம்பூருக்குக் குடிபோனதும், சுவரை இடித்து ஒரே கூடமாக்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: "தரையை மட்டும் மாத்தாதீங்கண்ணி. எது யாருதுன்னு தெரியணும்."

வரும்போதெல்லாம் பார்வையிடுவார். சோபாவின் ஒரு கால் வெள்ளையில் ஏறியிருந்தால்கூடத் தள்ளிவிடுவார். சமையலறை இருந்ததோ வெள்ளைப் பக்கம். "எங்க வீட்டுல குசினிக்குப் போக பாஸ்போர்ட் வேணும் லா," என்று அக்கா மதியச் சாப்பாட்டின்போது சொல்லிச் சிரிப்பார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

அக்காவின் கணவர் இறந்த அன்று சவப்பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்கத் தூக்கி வந்தார்கள். கொழுந்தனார் கையை நீட்டித் தடுத்தார். "சிவப்புலயே வைங்க. என் பக்கத்த நாளைக்கு ஸ்டூடண்ட்ஸுக்கு வாடகைக்கு விடணும். பொணம் வச்ச எடம்னா எவன் வருவான்?" இறந்தவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். பெட்டி வாசல் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. வந்தவர்கள் செருப்புகளுக்கு நடுவே நின்று கும்பிட்டார்கள். அக்கா அழவில்லை. என் காதருகே குனிந்து, "செவப்பும் வெள்ளையும் சேர்ற இந்தக் கோட்ட இல்லாம ஆக்கிடுறேன் பாரு," என்றார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் கான்ட்ராக்டரை வரவழைத்தார். வெள்ளைப் பக்கம் டைலின் கனத்துக்கு உயர்ந்திருந்தது. சேரும் இடத்தில் ஒரு பட்டை அடித்துவிடலாம் என்றார் கான்ட்ராக்டர். "பட்டையே வேணாம். கண்ண மூடிட்டு நடந்தா கால் கண்டுபிடிக்கக் கூடாது," என்றார் அக்கா. சிவப்பைக் கலவை ஊற்றி உயர்த்தி, காயவிட்டு, சுவருக்குச் சுவர் மரநிற வினைல் விரிப்புப் போட்டார்கள். அன்று நாங்கள் இருவரும் வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து, பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

ஆண்டுத் திதிக்கு வந்த கொழுந்தனார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கோடு எங்கண்ணி?"

"எந்தக் கோடு தம்பி?"

குதிகாலால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். குத்துமதிப்பாக அவருக்குத் தெரியும்தான். ஆனால் குத்துமதிப்பை வைத்து யாரையும் மிரட்ட முடியாது. பாவம், கோடு எங்கே என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மன்னிக்கிறது பெரிய மனுஷங்க வேலை. நான் சின்னவளாவே இருந்துக்கிறேன்," என்றார்.

அக்காவின் பெட்டி வந்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். "அண்ணி பக்கத்துலயே வைங்க," என்றார் கொழுந்தனார், அன்றும். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் தெரியுமே, எங்கன்னு காட்டுங்க," என்றார். காட்டினேன். கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி, முழுக்க முழுக்க அவருடைய வெள்ளைக்கு மேல். தலைமாட்டை அவரே பிடித்து இறக்கினார். வாய்க்கரிசி போட்டார். திருப்தியாகத் தலையாட்டினார்.

இந்த இதழ் உங்கள் வீட்டுக்கும் வரும் என்று எனக்குத் தெரியும், அண்ணே. உங்கள் அண்ணி கடைசியாகப் படுத்திருந்தது உங்கள் பக்கத்தில். வாடகைக்கு வருகிறவர்களிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அக்கா இல்லாத மதியங்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். அந்தக் கோடு ஜன்னலின் எத்தனையாவது கம்பிக்கு நேராக ஓடுகிறது என்பது. அதை எழுத மாட்டேன்.