மாமனார் வைத்த கொடிகள்

என் மாமனார் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. குருவிகள் வந்து கூடு கட்டும்படி தோட்டத்து மொட்டைச் சுவரில் கொடி படரவிடப்போவதாகக் கிளம்பினார்.

முதலில் முல்லை வைத்தார். இரண்டு மாதம் ஆகியும் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை என்று பிடுங்கி மூலையில் எறிந்தார். அடுத்து வைத்த சங்குப்பூவுக்குத் தேனீக்கள் வந்தன; குருவி வராததால் அதுவும் மூலைக்குப் போனது. பழம் தின்னப் பறவைகள் தேடி வரும் என்று கோவைக்கொடி வைத்தார். அது காய்க்கும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"கொடி என்ன பஸ்ஸா மாமா, நீங்க விசிலடிச்சதும் கிளம்பறதுக்கு?" என்றேன்.

அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் நான்காவது கொடிக்குக் குழி தோண்டினார்.

பிடுங்கிப் போடுவது அவர், அள்ளுவது மட்டும் நானா? எரிச்சலோடு மூலையில் காய்ந்து கிடந்த குவியலில் கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குருவி விருட்டென்று பறந்தது. விலக்கிப் பார்த்தால் கூடு, அதில் மூன்று முட்டைகள்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மண்வெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"குஞ்சு பொரிச்சுப் பறக்கற வரைக்கும் யாரும் இந்தப் பக்கமே வரக்கூடாது மாமா."

"அதுவரைக்கும் நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டார், நிஜமாகவே தெரியாமல்.