அக்கரையில் போன சம்பந்தி

என் மகனும் மருமகளும் பிரிந்து நான்கு மாதம் கழித்து, நானும் மருமகளின் அம்மாவும் பிரான்சுக்குப் போய் ஐந்து நாள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தோம். யாரிடம் சொன்னாலும் இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார்கள். இரண்டாம் முறை சொல்லும்போது எனக்கே அது சரியாகப் படுவதில்லை.

சைக்கிளால்தான் நாங்கள் சிநேகமானோம். நான் அடையாறு, வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள். அவர் தி.நகர், கணவருக்கு ஜவுளிக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நிச்சயதார்த்தப் பந்தியில் பேசிக்கொண்டிருந்தபோது, இருவருமே பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனவர்கள் என்று தெரிந்தது. முகூர்த்தப் புடவை எடுப்பதற்கு முன்பே ஆளுக்கொரு வண்டி எடுத்துவிட்டோம். ஞாயிறு விடிகாலையில் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து மணி அடிப்பார். பெசன்ட் நகர், ஊரூர் குப்பம், திரும்பிப் பாலம் ஏறி சாந்தோம், கடைசியில் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் காபி. வண்டியில் போகும்போது முன்னும் பின்னுமாகத்தான் போக முடியும். பேச்செல்லாம் காபி கடையில்தான்.

பிள்ளைகள் இருவருக்கும் பிரான்சில் வேலை. எங்களுக்கு அறுபது நெருங்குகிறது என்று, அங்கே ஒரு ஆற்றங்கரையோரமாக சைக்கிளில் போகும் ஐந்து நாள் பயணத்தை, மே மாதத்துக்கென்று தீபாவளி சமயத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். பொங்கல் கழித்து மகன் கூப்பிட்டு, நாங்கள் பிரிந்துவிட்டோம் என்றான். சண்டை இல்லை, வேறு யாரும் இல்லை, ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் என்றான். எத்தனை முறை கேட்டும் அதே மூன்று வாக்கியம்.

பயணத்தை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். மருமகளே கூப்பிட்டு, "அத்தை, நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்" என்றாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகள் நின்று போயிருந்தன. அவர் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. விசாவுக்காகத்தான் மறுபடி பார்த்துக்கொண்டோம். அன்று முதல் அவர் என்னை எந்த முறை வைத்தும் அழைக்கவில்லை. நானும் "இங்க பாருங்க" என்று சமாளித்தேன்.

பிரான்சில் பயணம் தொடங்கும் ஊரின் ரயில் நிலையத்துக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்தே வந்திருந்தார்கள். அவன் வாடகை சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து என் சீட்டின் உயரத்தைச் சரிசெய்தாள். ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். சேர்ந்து குடித்தனம் நடத்திய காலத்தில் வீடியோ காலில்கூட அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒரே காரில் ஏறிப் போனார்கள். சம்பந்தி அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் மிதிக்க ஆரம்பித்தோம்.

அந்த மாதிரிச் சாலைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நன்றாகத் தார் போட்ட சாலை, ஆனால் ஆள் இல்லை. ஹாரன் இல்லை. வலது ஓரமாகப் போக வேண்டும் என்பதைச் சொல்லிச் சொல்லி மனசில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு பக்கம் வெள்ளைப் பாறைக் குன்று, இன்னொரு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுவில் பச்சையாக ஆறு. ஏற்றம் வந்தால் சம்பந்தி இறங்கித் தள்ளுவார். நான் மூச்சு வாங்க ஏறி மேலே காத்திருப்பேன். எங்கள் ஊரில் கடல் இருக்கும் பக்கம் கிழக்கு, அதை வைத்தே வழி சொல்லிவிடலாம். இங்கே ஆறு வளைந்து வளைந்து போயிற்று. காலையில் முகத்தில் அடித்த வெயில் அரை மணியில் முதுகில் அடித்தது. வந்த வழியே திரும்பிப் போகிறோமோ என்று இருந்தது. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே போக இடமிருந்தும், இரண்டு நாள் பேசவே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு ஊரைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை. இறக்கம் என்பதால் நான் வேகமாக வந்துவிட்டிருந்தேன். காத்திருந்தேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. திரும்பி ஏறிப் போனேன். தோட்டத்தில் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் கையால் சைக்கிள் ஓட்டிக் காட்டினேன். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. காணாமல் போனவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். என் மகனின் மாமியார் என்று சொல்ல வாயெடுத்து, இப்போது இல்லையே என்று நிறுத்தி, கடைசியில் அக்கா என்றேன். உண்மையில் சம்பந்தி என்னைவிட இரண்டு வயது சின்னவர். அந்தப் பெண்மணி ஊருக்குள்ளிருந்த பாலத்தைக் காட்டினார்.

பாலத்தில் பாதி போகும்போதே தெரிந்துவிட்டது. அக்கரைச் சாலையில், மரங்களுக்கு இடையே சம்பந்தியின் மஞ்சள் துப்பட்டா. தவறான பக்கம் கடந்துவிட்டு, நான் முன்னால் போகிறேன் என்று நினைத்து வேகவேகமாக மிதித்துக்கொண்டிருந்தார். கூப்பிட வேண்டும். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்த முடியாது. அடிவயிற்றிலிருந்து "சம்பந்தி" என்று கத்தினேன். அது குன்றில் பட்டுத் திரும்பி வந்தது. அவர் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, கையைத் தூக்கினார்.

அன்று இரவு நாங்கள் தங்க வேண்டிய ஊர் இருக்கும் பக்கத்தைக் கை காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, போய்க்கொண்டே இருந்தார். நானும் என் கரைக்குத் திரும்பி மிதித்தேன். அடுத்த பாலம் வரும்வரை அவர் அந்தக் கரை, நான் இந்தக் கரை. மரம் மறைக்கும்போது பயமாக இருக்கும், மறுபடி மஞ்சள் தெரியும்.

பாலத்தைக் கடந்து வந்தவர் வண்டியைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "உங்க மகன் உங்ககிட்ட என்னதான் சொன்னான்? இப்பவாவது சொல்லிருங்க" என்றார்.

சண்டை இல்லை, வேறு யாரும் இல்லை, ஒத்துவரவில்லை என்று சொன்னதைச் சொன்னேன்.

"அதையேதான் அவளும் சொல்லுதா. உங்களுக்கு வேற ஏதோ தெரியும்னுல்லா நெனச்சேன். அதான் இத்தன நாளா உங்க மேல ஒரு கோவம்."

"நானும் உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேன்."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

எனக்கு அழுகை வந்தது. அவர் என் முதுகில் கை வைத்தார். அவர் பையில் எலுமிச்சை சாதம் இருந்தது; காலையில் தங்கிய வீட்டின் அடுப்பில் அவரே செய்தது. ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். மீதி இரண்டு நாளும் பக்கத்துப் பக்கத்தில்தான் போனோம். காரணம் இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எதுவும் பொருந்தவில்லை. கடைசி நாள் பிள்ளைகளிடம் நேராகக் கேட்பதென்று முடிவு செய்து, இருவரும் கேட்காமலே விமானம் ஏறினோம்.

இதெல்லாம் ஆகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சட்டப்படியும் எல்லாம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பிவிட்டன. அவர் வீட்டில் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று கேள்வி.

போன வாரம் அவர் கூப்பிட்டார். மகள் ஊருக்கு வருகிறாள், ஒரு நல்ல இடத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், நீங்களும் வந்து கூட இருக்க வேண்டும் என்றார்.  யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரவு மகனிடம் போனில் சொன்னேன்.  "போயிட்டு வாம்மா. நல்லவங்களான்னு நீ பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றான்.

போவதாகச் சொல்லிவிட்டேன்.