துப்பாக்கிக்கும் என் தலைக்கும் ஒரே எண்ணெய்

மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் இன்று ஒரு மெழுகுவர்த்திக்காரர் தேன்மெழுகை உருக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த வயல் கண்முன் வந்துவிட்டது. இப்போது அங்கே பாலத்துக்கு ஏறும் சாலைதான் இருக்கிறது.

அப்பாவுக்கும் அவர் கூட்டாளி காசிம் மாமாவுக்கும் பொதுவாக ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கதிர் முற்றும் மாதங்களில் கிளிகளை விரட்ட, குழல்வாயில் வெடிமருந்தைக் கொட்டி, கொழுப்புத் தடவிய பழைய கைலித்துணியை அதன்மேல் கம்பியால் இடித்து இறக்குவார்கள். குண்டு கிடையாது, சத்தம் போதும். எந்தக் கொழுப்பு என்பதில்தான் தகராறு. மாட்டுக்கொழுப்பை அப்பா தொடமாட்டார், பன்றிக்கொழுப்பை மாமா பார்க்கவும் மாட்டார். தையல் மெஷின் எண்ணெயைப் போட்டார்கள். குழலுக்குள் கரி தார் மாதிரி அப்பி, துணி பாதியில் சிக்கிக்கொண்டது. அந்த வாரம் கிளிகளுக்குத்தான் அறுவடை.

கடைசியில் மாமா, அம்மா பேன் பார்த்துக்கொண்டிருந்த என் தலையைக் காட்டி, "இந்தப் புள்ள தலையில வைக்கிற எண்ணெயை யாருண்ணே வேணாம்பாங்க?" என்றார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே தேங்காயெண்ணெய் கொடுத்தாள். தேன்மெழுகோடு காய்ச்சித் தடவியதும் துணி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

சட்டியில் மிஞ்சியதை அம்மா என் பின்னலில் தடவுவாள், முடி பறக்காமல் படியும். வயலிலிருந்து வந்ததும் அப்பா என்னைத் தூக்கி உச்சியை மோந்து, "வெடிக்கப் போறியாடி?" என்பார்.

இன்று ஒரு கட்டி மெழுகு வாங்கிவந்தேன். காய்ச்சித் தடவிக்கொள்ளலாம். மோந்து பார்த்துக் கேட்கத்தான் ஆளில்லை.